அமரர் ஊர்திக்கு ஒரு சிரித்த முகம்

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும், நம் சங்கத்து அமரர் ஊர்தியும், அதன் ஓட்டுநரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம். மூவருக்கும் காலையில் கிளம்புவதில் மட்டும் கொஞ்சம் சிரமம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாகவும், கூடுமானவரை சமாதானமாகவும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சிறந்த ஆண்டறிக்கை எழுதுவது எப்படி என்று நீங்கள் கைப்பேசியில் அனுப்பிய குறிப்புகள் கிடைத்தன. பெரிய நிறுவனத்தில் அறிக்கை எழுதுவதையே வேலையாகச் செய்பவர் எனக்கு மருமகனாக வாய்த்தது என் பாக்கியம். குறிப்புகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றுதான்: பயனாளி என்றால் உயிரோடு இருப்பவர் என்று அதில் முடிவு கட்டிவிட்டார்கள். நம் சங்கமோ காலமானவர்களைக் கட்டணம் வாங்காமல் மயானம் கொண்டுசேர்க்கிற சங்கம். பதினோரு வருடமாக நடத்துகிறோம், இன்றுவரை ஒரு பயனாளிகூட வந்து நன்றி சொன்னதில்லை. குறை சொன்னதும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனாலும் இந்த முறை அறிக்கை நன்றாக வந்தே ஆகவேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால் இரண்டாவது வண்டி தருவதாக ஒரு அறக்கட்டளை சொல்லியிருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரே வண்டி. போன மழையில் ஒரே நேரத்தில் இரண்டு வீடுகளிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு வீட்டுக்குப் போனோம். இன்னொரு வீட்டில் ஒரு தையற்காரர், பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், தன் அப்பாவைத் தள்ளுவண்டியில் ஏற்றி நனைந்துகொண்டே தள்ளிப் போனார். நம் ஓட்டுநர் எதிரே வரும்போது அதைப் பார்த்துவிட்டார். எதற்கும் பதறாததால் 'பொறுமை' என்று பெயர் வாங்கியவர் அவர். அன்று அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார். எனக்கும் அது இன்னும் ஆறவில்லை. அதனால்தான் உங்கள் குறிப்புகளை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன், வந்தது வினை.

வளர்ச்சியை வரைபடமாகக் காட்டவும் என்று எழுதியிருந்தீர்கள். வரைந்தேன். கோடு கீழே இறங்கியது, ஏனென்றால் போன வருடத்தைவிட இந்த வருடம் ஊரில் சாவு குறைவு. சங்கத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்ன செயலாளரே, இப்படிச் சரிஞ்சுபோச்சு? இதைக் காட்டினா யார் வண்டி தருவாங்க?" என்றார். "ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு போட்டுடுங்க சார்" என்றார் பொறுமை. தலைவர் கேட்கவில்லை. நம்மைப் பற்றி ஜனங்களுக்குத் தெரியவில்லை, வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுக்கவேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்றாவது வீட்டிலேயே கட்டிலில் படுத்திருந்த பெரியவர் ஒருவர் துண்டறிக்கையை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எனக்குன்னு கொண்டுவந்தீங்களா, இல்ல எல்லாருக்கும் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். "பொதுவாத்தான் ஐயா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் திரும்பிவிட்டோம்.

அடுத்தது பயனாளிகளின் கருத்து. அவர்களிடம் கேட்க முடியாது, அவர்கள் வீட்டாரிடம் கேட்கலாமே என்று, நீங்கள் அனுப்பிய மாதிரிக் கேள்விகளை அப்படியே அச்சடித்துக் கொடுத்தோம். கொடுத்த பிறகுதான் கடைசிக் கேள்வியைப் படித்தேன்: எங்கள் சேவையை மீண்டும் பயன்படுத்துவீர்களா? பலபேர் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். ஒரு அம்மா மட்டும் முத்து முத்தாக எழுதியிருந்தார்: 'கட்டாயம். ஒரே ஒருமுறை.'

சரி, ஒரு மனிதரின் கதையைச் சொல்லுங்கள், படிப்பவர் மனம் இளகும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்களே என்று அந்தத் தையற்காரரைத் தேடிப் போனேன். மிஷினை நிறுத்திவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "வண்டி வரலைங்கறது உங்க விஷயம் சார், அதைத் தாராளமா எழுதுங்க. எங்கப்பாவை நான் தள்ளிக்கிட்டுப் போனது எங்க வீட்டு விஷயம். அதை நாலு பேர் படிச்சு உச்சுக்கொட்ட வேண்டாம்" என்றார். கும்பிட்டுவிட்டு எழுந்தேன். வெளியே வரும்போது என் சட்டையில் ஒரு பித்தான் இல்லாததைப் பார்த்து, உட்காரவைத்துத் தைத்தும் அனுப்பினார். அவர் கதை அறிக்கையில் வராது. வண்டி கிடைக்காவிட்டாலும் வராது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அட்டையில் சிரித்த முகம் இருக்கவேண்டும் என்று நீங்களும் சொன்னீர்கள், அறக்கட்டளைக்காரர்களும் சொன்னார்கள். அமரர் ஊர்திப் பக்கத்தில் நின்று எவன் சிரிப்பான் என்று அலுத்துக்கொண்டிருந்தபோது, எதற்கெடுத்தாலும் படம் எடுக்கிற நம் தலைவர் தன் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். அதில் ஒரே ஒரு சிரித்த முகம் கிடைத்தது. மாப்பிள்ளை, அது நீங்கள். உங்கள் அத்தை, என் வீட்டுக்காரி, போன அன்று எடுத்த படம்.

உங்களுக்குத் தெரியாததல்ல. நம் ஊர்தி முன்பு ஐஸ் வண்டியாக இருந்தது. பின்னால் எடுத்தால் ஐஸ் வண்டிப் பாட்டுப் பாடும். அதைப் பிடுங்கினால் பின்விளக்கும் போய்விடும் என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். எத்தனையோ துக்க வீடுகளில் அந்தப் பாட்டைக் கேட்டுத் தெருப்பிள்ளைகள் கிண்ணத்தோடு ஓடிவந்திருக்கிறார்கள். பெண்களுக்குத் துணையாக அந்த வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து போய்வந்துகொண்டிருந்த உங்கள் அத்தைக்கு அந்தப் பாட்டைக் கேட்டாலே ஆகாது. "என்னைக் கொண்டுபோறப்ப மட்டும் பின்னாடி எடுக்காதீங்க. அந்தப் பாட்டு காதுல விழுந்துச்சோ, எழுந்து உட்கார்ந்துடுவேன்" என்று பொறுமையிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவரும் அன்று வீட்டைத் தாண்டிப் போய்த் தெருமுனையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு பக்குவமாகத்தான் வந்தார். ஆனால் புறப்படும் நேரத்தில் எதிரே மணல் லாரி வந்து அடைத்துக்கொண்டது. வேறு வழியில்லை, பின்னால் எடுத்தார். பாட்டு ஆரம்பித்தது. அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் நிறுத்திவிட்டு அவள் படுத்திருந்த பெட்டியைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். எழுந்து உட்காரமாட்டாளா என்றுதான் பார்த்தேன். அப்போதுதான் நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள்.

என் மகள் அதை இன்னும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் உப்புக்கும் புளிக்கும் சண்டை வந்தால்கூடக் கடைசியில் "எங்கம்மா போன அன்னைக்கே சிரிச்ச மனுஷன்தானே" என்பதில் வந்து நிற்கிறது என்று போன மாதம் வருத்தப்பட்டுச் சொன்னீர்கள். இந்தப் படத்தை அவள் பார்த்ததில்லை. வாய் சிரிக்கிறது, கண் இரண்டும் வழிந்து தாடைவரை நனைந்திருக்கிறது. அன்று எனக்கும் உள்ளுக்குள் அதே நிலைதான். எனக்குத் தைரியமில்லை, உங்களுக்கு இருந்தது.

ஆகவே பணிவான விண்ணப்பம். இந்தப் படத்தை அட்டையில் போட அனுமதி வேண்டும். பக்குவமாகப் பேசி என் மகளின் சம்மதத்தையும் வாங்கித் தரவேண்டும். இருவரும் சரி என்று சொல்லாமல் படம் அச்சேறாது, இது உங்கள் அத்தைமேல் ஆணை. அச்சகக்காரரிடம் எல்லாப் படங்களையும் கொடுத்திருக்கிறேனே தவிர, நான் சொல்லும்வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் கல்யாணப் பத்திரிகையே அடித்துப் பழகியவர். சரிபார்க்க வந்த தாளில், கடைசிப் பக்கத்தில், பழக்கதோஷத்தில் 'தங்கள் நல்வரவை விரும்பும் அமரர் ஊர்திச் சங்கத்தார்' என்று அச்சுக் கோத்திருந்தார். சிவப்பு மையால் அடித்துக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துவருவதால் நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம்.

என் மகளுக்கு என் அன்பு. இந்தக் கடிதத்தை மட்டும் அவளிடம் காட்டவேண்டாம். நீங்கள் இருவரும் நூறாண்டு ஒற்றுமையாக வாழ்ந்து, நம் சங்கத்துக்கு வேலை வைக்காமல் இருக்க ஆசீர்வதிக்கும்,

தங்கள் மாமா,
செயலாளர், அமரர் ஊர்திச் சங்கம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அச்சகக்காரர் கட்டுக்கட்டாக அறிக்கையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அட்டை முழுக்க நீங்கள்தான். கீழே அவராகவே 'எங்கள் சேவையால் மகிழ்ந்த பயனாளி' என்று போட்டிருக்கிறார். நல்வரவும் அப்படியே இருக்கிறது. கண்ணீரை மட்டும் காணோம். கேட்டதற்கு, "முகத்துல ஏதோ ஈரமா இருந்துச்சு சார், துடைச்சு விட்டுட்டேன்" என்றார். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, அட்டையையும் தலைவர் எடுத்த பழைய படத்தையும் என் மகளின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, வசவு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டாள். "அப்பா, இவர் அழுதிருக்காரேப்பா. நான் அன்னைக்குச் சத்தத்தை மட்டும்தானேப்பா கேட்டேன்" என்றாள். பிறகு, அந்தப் பாட்டை ஒருமுறை போனில் போடச் சொன்னாள். பொறுமை வண்டியைப் பின்னால் எடுத்தார். பாதிப் பாட்டில் என் மகள் சிரிக்க ஆரம்பித்தாள், படத்தில் நீங்கள் சிரிக்கிற மாதிரியே. எனவே மேலே கேட்ட அனுமதி எதுவும் தேவையில்லை, கடிதத்தை அவளிடமே படிக்கக் கொடுக்கலாம். வாசலில் இரண்டு பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்து நிற்கிறார்கள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, ஐஸ் வாங்கக் கடைவரை போய்வருகிறேன்.