சுண்ணாம்புக் கோட்டருகே படுத்துக்கொண்ட பந்து

மெரிடன் க்ரீக், பென்சில்வேனியா
ஜூலை 1911

'பள்ளத்தாக்குச் செய்தி' ஆசிரியர் மதிப்பிற்குரிய லிஸ்க் அவர்களுக்கு, இவ்வூர் பேஸ்பால் மைதானத்தைப் பராமரிக்கும் ஆன்செல் க்ராய்ட்சர் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் பத்திரிகை எனக்கு அநியாயம் செய்துவிட்டது. சனிக்கிழமை நம் அணி லார்க்ஃபீல்டை ஒரே ஓட்ட வித்தியாசத்தில் வென்றதைக் 'குருட்டு அதிர்ஷ்டம்' என்று உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். நானும் என் மனைவியும் சுகம். நீங்களும் சுகமாகவே இருப்பீர்கள். அநியாயம் செய்கிறவர்களுக்குச் சுகத்தில் குறை வந்து நான் பார்த்ததில்லை.

கடைசிச் சுற்று, இரு பக்கமும் மூன்று ஓட்டம், நமக்கு இரண்டு பேர் அவுட், மூன்றாம் தளத்தில் ஹேவர்ட்டி ஓடத் தயாராக நிற்கிறான். மட்டை பிடித்தவன் சுரங்கத்து வெல்ஷ்காரன் எம்ரிஸ் ப்யூ. அவன் ஓங்கி அடித்தால் பந்து அவன் கால்விரலில்தான் விழும், அதனால் அடிக்காமல் மட்டையை நீட்டிப் பந்தைத் தொட்டு, மூன்றாம் தளப் பக்கம் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி உருட்டிவிட்டு முதல் தளத்துக்கு ஓடினான். லார்க்ஃபீல்டுக்காரர்கள் பந்தை எடுத்து எறிந்தாலும் அவனை அவுட் ஆக்க முடியாது. கோட்டைத் தாண்டி வெளியே போனாலோ பந்து செல்லாது, ஓடியவர்கள் எல்லாரும் பழைய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். லார்க்ஃபீல்டின் மூன்றாம் தளக்காரன் டெலானி, "எவனும் தொடாதீங்கடா, தானா வெளிய போவுது" என்று கத்தினான். அவனும் பந்து வீசியவனும் குனிந்தபடி, சவ ஊர்வலத்தில் போகிறவர்கள் மாதிரி அதன் பின்னாலேயே நடந்தார்கள். பந்து கோட்டுக்கு வந்தது, சுண்ணாம்பை முகர்ந்தது, உள்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. ஹேவர்ட்டி அதற்குள் ஓடி முடித்து வெற்றி ஓட்டத்தை எடுத்துவிட்டான்.

"என்னய்யா இது, பந்தா பூனையா?" என்றான் டெலானி.

"பூனைதான் தம்பி, வீட்டுப் பூனை. வெளியூர்க்காரன் கூப்பிட்டா வராது" என்றார் நம் மேலாளர் க்வில்.

இது அதிர்ஷ்டமா, ஐயா? மார்ச் பிடித்து அந்தக் கோட்டின் வெளிப்பக்கத்தை ஆற்றுக் களிமண் போட்டு உயர்த்தினேன், உருளை ஓட்டினேன், தண்ணீர் தெளித்தேன், மறுபடி உருளை. சரிவு கண்ணுக்குத் தெரியக் கூடாது, பந்துக்கு மட்டும் தெரிய வேண்டும். ஈஸ்டருக்கு என் மனைவி வெங்காயத்தோலில் சாயம் ஏற்றிய முட்டைகளைக் கொண்டுபோய் உருட்டிப் பார்த்தேன். "புள்ளைங்க முட்டையத் திருடி மண்ணுல உருட்டுற மனுசன் இந்த மாகாணத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள். முட்டை அத்தனையும் உள்ளே வந்தது. லார்க்ஃபீல்டு மைதானக்காரனும் தன் பங்குக்கு ஓடுபாதையில் மணலைக் கொட்டி நம் பையன்களின் காலை இழுக்கிறான். அது முரட்டு வேலை, அதில் என்ன இருக்கிறது? சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் நடுவர் புல்லில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "மேசை மாதிரி இருக்கு பெரியவரே" என்று பாராட்டினார். என் சரிவை மேசை என்கிறார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஆகவே 'குருட்டு அதிர்ஷ்டம்' என்பதை எடுத்துவிட்டு 'க்ராய்ட்சர் எழுப்பிய சரிவு' என்று முதல் பக்கத்தில் போடுங்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும், நிருபர் உட்பட.

இப்படிக்கு,
ஆன்செல் க்ராய்ட்சர்

பி.கு.: கையெழுத்துப் போடும்போது க்வில் வந்து தோளுக்கு மேலாக இதை வாசித்தார். பிறகு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "இது அச்சுல வந்தா போட்டி நடத்துற லீக்குக்காரங்க ஆட்டமே செல்லாதும்பாங்க. ஜெயிச்சது போயிரும்" என்றார்.

"போகட்டும். வேலை யாரோடதுன்னு ஊருக்குத் தெரியணும்" என்றேன்.

"ப்யூவுக்காக நேத்து கோயில்ல ஒரு பாட்டே பாடினாங்க, பெரியவரே."

ஆகவே முதல் பக்கம் வேண்டாம். எழுதியதைக் கிழிக்கவும் எனக்கு மனமில்லை, அதனால் அனுப்புகிறேன். நீங்கள் வாசித்ததும் அடுப்பில் போட வேண்டும். நிருபர் அதிர்ஷ்டம் என்றே எழுதிக்கொள்ளட்டும், 'குருட்டு' என்பதை மட்டும் எடுக்க வேண்டும். ப்யூ பந்தை அதே பக்கம் உருட்ட வேண்டும், வேறு பக்கம் முயன்று பார்க்கக் கூடாது. க்வில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நீங்கள் ஒரு மாலை தனியாக மைதானத்துக்கு வந்து, அந்தக் கோட்டருகே ஒரு பந்தை உருட்டிப் பார்க்க வேண்டும். பார்த்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. என்னிடம் மட்டும் சொல்ல வேண்டும்.