கல்யாணக் காரும் சிவப்பு விளக்கும்

பழைய கார் வைத்திருப்பவனை ஊரே மதிக்கும். அவசரத்துக்கு அவனோடு எங்கேயும் போகத்தான் யாரும் வரமாட்டார்கள். விதிவிலக்கு என் தங்கை மலர். "கோயிலுக்கு அண்ணன் காருலதான் போவேன்" என்று கல்யாணம் பேசிய அன்றே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் காருக்கு எங்கள் அப்பாவைவிட வயது அதிகம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, சொந்தமாகக் கார் வாங்கி, அதைத் தானே பிரித்து மாட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற பெருமை (வீட்டில் அதைத் தலைக்கனம் என்பார்கள்) எனக்கு உண்டு.

கல்யாணத்தன்று விடிந்ததும் காருக்குப் பூசை போட்டேன். ஆயுத பூசை வந்தால் எங்கள் பக்கத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி முதல் தையல் மெஷின்வரை எதுவும் பொட்டுக்குத் தப்பாது. கல்யாணக் காரை விடுவேனா? சந்தனத்தைத் தாராளமாகவே குழைத்தேன்.

நோர்வூட்டிலிருந்து ஹட்டன் கோயிலுக்குப் புறப்பட்டோம். பின்சீட்டில் அம்மாவும் மலரும். வெளியே மூடுபனியும் தூறலும். விளக்கும் வைப்பரும் பெட்டரியைக் குடித்துக்கொண்டிருக்க, என் முன்னால் இருந்த சிவப்பு விளக்கு அணையவே இல்லை. டைனமோவிலிருந்து பெட்டரிக்கு மின்சாரம் எதுவும் போகவில்லை என்று அதற்கு அர்த்தம்.

"அது என்னடா செகப்பா எரியுது?" என்றார் அம்மா.

"அலங்காரத்துக்கும்மா."

பாதி வழியில் வைப்பர் கண்ணாடியின் நடுவிலேயே நின்றது. முன்விளக்கு அகல்விளக்கானது. விட்டால் எஞ்சினும் நிற்கும். அதை அணைக்காமல் ஓரங்கட்டினேன்.

"முகூர்த்தம் தவறிருச்சுன்னா மாப்பிள்ள வீட்டுக்கு என்னடா பதில் சொல்றது? ஒரு த்ரீவீல கூப்புடு."

"அண்ணன் பாத்துக்குவாரும்மா" என்றாள் மலர். அம்மாவின் கோபத்தைவிட அந்த நம்பிக்கைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

பொனட்டைத் திறந்தேன். ஃபேன் பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. டைனமோவின் இரண்டு வயர்களையும் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து, அதில் ஒரு பல்பைத் தொடுத்தேன். மலர் முன்சீட்டுக்கு வந்து, கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எக்ஸலேட்டரை மிதித்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஆக, டைனமோ நல்லதுதான். அதற்கும் பெட்டரிக்கும் இடையில் இருக்கும் கறுப்புப் பெட்டியில்தான் கோளாறு. அந்தக் குளிரிலும் பதற்றத்திலும் முறைப்படி கண்டுபிடித்த என் முதுகை நானே தட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பெட்டியின் மூடியைக் கழற்றினேன். ஒன்றையொன்று தொட வேண்டிய சின்னத் தகடுகளுக்கு நடுவே சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. மேலே குங்குமம் வேறு.

"எந்த மடையன் இதுக்குள்ள பொட்டு வச்சது?"

"நீங்கதாண்ணே. உள்ள இருக்கிறதுக்கும் மரியாத செய்யணும்னு காலையில நீங்கதான மூடியத் தொறந்தீங்க."

அம்மா ஹட்டன் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

மலரின் கைப்பையில் இருந்த நகம் தேய்க்கும் அட்டையால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு வயர்களை மாட்டினேன். அவள் மறுபடி மிதித்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது. முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் போட்ட அட்சதையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் இருந்தது.

கந்தப்பளையில் மலரின் புகுந்த வீட்டு ஹோலில் பெரிதாக மாட்டியிருப்பது தாலி கட்டும் படம் அல்ல. எங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த போட்டோக்காரர் வழியில் எடுத்த படம். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மணப்பெண். பொனட்டுக்குள் தலையை விட்டிருக்கும் ஒருவனின் பட்டு வேட்டியும் பின்பக்கமும். வருகிறவர்கள் எல்லோரும் மலரின் கணவரிடம், "இது நீங்களா?" என்று கேட்பார்கள்.

"நான் கோயில்ல காத்துக்கிட்டு இருந்தேங்க" என்பார் அவர். "இது மச்சான். எனக்குப் பொண்ணக் கொண்டாந்து சேத்தவரு."

முகமே தெரியாத படம்தான். ஆனாலும் அந்த வீட்டுக்குப் போனால் அதற்கு நேரே இருக்கும் நாற்காலியில்தான் உட்காருவேன்.