வெள்ளிக்கிழமையில் வந்த செவ்வாய்க்கிழமை

அல்லா பிச்சை காத்தானைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு. பொதுவாக யாரும் இப்படி மணி பார்த்து வைத்துக்கொள்வதில்லை. ஆனால் பின்னால் அலுவலகத்துக்கே அந்த நேரம் தேவைப்பட்டதால் இங்கே குறிக்க வேண்டியிருக்கிறது.

இடம், குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு நெல் கொள்முதல் நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். குறுவை அறுத்துக் களத்தில் கொட்டியவர்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். காத்தான் தன் குவியலிலிருந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார்.

"பாய், ஈரம் பதினாறரைக்கு மேல இருக்காது. மெஷினு தப்பினாலும் பல்லு தப்பாது."

மெஷினிலும் பதினாறரைதான் வந்தது. வரிசை எண் போட்டு டோக்கன் கொடுத்து, வெள்ளிக்கிழமை வாக்கில் எடைக்கு முறை வரும் என்றார்கள். புதன்கிழமை விடிகாலையில் காத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அதே செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு நிலையத்தின் உள்ளே வேறொரு காரியம் நடந்தது. மூட்டைக்கு மூட்டை கியூஆர் கோடு ஒட்ட வேண்டும் என்று மேலிடத்துக்கு இந்த வருஷம் ஆசை வந்திருந்தது. போன வருஷத்து ஆசை, மூட்டையைப் பச்சை நூலால் தைப்பது. கியூஆருக்காகக் கணினியில் சில மாற்றங்கள் செய்ய வேண்டும். அதற்கென்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது:

'மாற்றம் எதையும் செய்யுமுன் தற்போதைய நிலையைப் பேக்கப் எடுத்துப் பாதுகாக்க வேண்டியது. மாற்றத்தால் இடையூறு ஏற்படின் முந்தைய நிலைக்குத் திருப்ப வேண்டியது.'

கணினிப் பிரிவு மதிவதனி முறைப்படி பேக்கப் எடுத்தார். கண்காணிப்பாளர் நெடுஞ்செழியன் அந்தப் பென்டிரைவைக் காக்கி உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, பீரோவில் பூட்டினார். அரக்குச் சூட்டில் பென்டிரைவின் ஒரு ஓரம் லேசாக வளைந்தது. பாதுகாப்பு என்றால் அப்படித்தான்.

வியாழக்கிழமை நீலாம்பாள் தன் புருஷனின் இறப்புச் சான்றிதழோடு வந்தாள். மதிவதனி கணினியில் காத்தான் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் பதிந்து கொடுத்தார். இதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்ததால் எழுத ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கியூஆர் தன் வேலையைக் காட்டியது. வந்த சீட்டிலெல்லாம் விவசாயி பெயர் 'மாதிரி விவசாயி', தந்தை பெயர் 'மாதிரி தந்தை', ஊர் 'மாதிரி ஊர்' என்று அச்சாகி வந்தது.

"முந்தைய நிலைக்குத் திருப்பு" என்றார் நெடுஞ்செழியன்.

"சார், கியூஆர் அமைப்பை மட்டும் பழசுக்குக் கொண்டுபோனாப் போதும். மொத்தமா ரீஸ்டோர் பண்ணினா செவ்வாய்க்கு அப்புறம் பதிஞ்சதெல்லாம் போயிடும்."

"சுற்றறிக்கையில முந்தைய நிலைன்னு இருக்கு. பாதி முந்தைய நிலைன்னு இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அமுக்கு."

"எழுத்துல கொடுங்க சார்."

கொடுத்தார். மதிவதனி அமுக்கினார். கணினி செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்குப் போய் நின்றது. திரையில் அலுவல் தேதியும் செவ்வாய் என்றே வந்தது.

"தேதியை மட்டும் மாத்திடவா சார்?"

"மறுபடியும் மாற்றமா? இப்ப பட்டது போதாதா? கணினி ஒரு கிழமையிலயும் அலுவலகம் ஒரு கிழமையிலயும் இருந்தா தணிக்கையில நான் என்ன பதில் சொல்றது? அது நம்ம கிழமைக்கு வராது. நாமதான் அதோட கிழமைக்குப் போகணும்."

போனார்கள். வருகைப் பதிவேட்டில் மூன்று நாள் கையெழுத்து அடிக்கப்பட்டது. தேதி முத்திரை திருப்பப்பட்டது. நாள்காட்டியில் கிழித்த தாள்களைக் குப்பைக் கூடையிலிருந்து தேடி எடுத்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார்கள். புதன்கிழமையில் யாரோ வடை எண்ணெயைத் துடைத்திருந்தார்கள். அதையும் ஒட்டினார்கள்.

பத்தரை மணிக்கு அல்லா பிச்சை நீலாம்பாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கிழக்கே மேகம் கறுத்திருந்தது. அன்றைக்கு லாரி ஏறாவிட்டால் அவள் நெல் நனையும், நனைந்தால் முளைக்கும், முளைத்தால் மாடுகூட யோசித்துத்தான் தின்னும்.

"நெல்லு காத்தான் பேர்ல இருக்கு. அவரை வந்து கைரேகை வைக்கச் சொல்லும்மா" என்றார் கண்காணிப்பாளர்.

"அவர் செத்துட்டாரு சார்."

"கணினியில உயிரோட இருக்காரே."

"வீட்டுல இல்லையே சார்."

"வீடு என் அதிகாரத்துல வராதும்மா."

அவள் சான்றிதழை நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"புதன்கிழமைன்னு இருக்கு. இன்னிக்குச் செவ்வாய். நாளைக்குச் சாகப்போறவருக்கு இன்னிக்கே சான்றிதழை வாங்கி வச்சா என் வேலை போயிடும்."

அல்லா பிச்சைக்குப் பொறுக்கவில்லை. "சார், இந்தக் கையால மண்ணு போட்டுட்டு வந்தேன் சார்!"

"எப்ப?"

"புதன்கிழமை."

"இன்னும் வரலியே, பாய்."

"அப்ப நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டாள் நீலாம்பாள்.

"வாங்க. ஆனா மேலிடத்து உத்தரவு வர்ற வரைக்கும் நாளைக்கும் செவ்வாய்தான்."

வெளியே வந்ததும் மதிவதனி அல்லா பிச்சையின் காதோரம் சொன்னார்: "ஐயா, சாரை வேதாரண்யத்துக்கு மாத்தி வியாழக்கிழமை தேதி போட்டு உத்தரவு வந்திருக்கு, நகல் என் மெயிலுக்கு வந்துச்சு. உறையைப் பிரிக்காம வச்சிருக்காரு. வியாழக்கிழமை வரட்டும், பிரிக்கிறேங்கறாரு."

செய்தி ஊருக்குள் போனது. முதலில் சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். யோசித்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஹெல்மெட் போடாமல் வியாழக்கிழமை போலீஸில் மாட்டிய சமீர், 'இன்று செவ்வாய்' என்று ஒரு சீட்டு வேண்டும் என்றான். புதன்கிழமை பூ வைத்துப் போன மாப்பிள்ளையைப் பிடிக்காத சுடர்விழியும் ஒன்று கேட்டாள். கேட்டவர்க்கெல்லாம் கண்காணிப்பாளர் முத்திரை குத்திக் கொடுத்தார். அவர் ஆட்சியில் அப்படி ஒரு சுறுசுறுப்பை ஊர் கண்டதில்லை. ராஜராஜன் மட்டும் வாசலில் நின்று, "அநியாயம்! இன்னிக்கு வெள்ளிக்கிழமைய்யா!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் வியாழக்கிழமை நடந்த பாசன சங்கத் தேர்தலில் ஜெயித்தவர்.

தோற்றவர் அல்லா பிச்சை. ஒரே ஓட்டு வித்தியாசம்.

மதியம் காற்று திரும்பியது. மதிவதனிதான் வழி கண்டுபிடித்தார்.

"சார், பதிவுதாரர் வர முடியலைன்னா, அன்னிக்கு அவரை உயிரோட பாத்தவர் எழுதிக் கொடுத்து, மனைவி கைரேகை வைக்கலாம்னு விதி இருக்கு."

நெடுஞ்செழியன் விதியைப் படித்தார். இரண்டு தரம் படித்தார். இருந்தது.

"பாய், காத்தானை எப்ப பாத்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை, பதினொன்னேகாலுக்கு."

"அதாவது, இன்னிக்கு."

அல்லா பிச்சை நீலாம்பாளைப் பார்த்தார். அவள் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு" என்றார்.

"உயிரோட?"

"உயிரோடதான். நெல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னான்."

எழுதிக் கொடுத்தார். வாழ்நாளில் அவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்ததிலேயே சுத்தமான உண்மை அதுதான். நீலாம்பாள் கட்டைவிரலை வைத்தாள். நெல் எடையாகி, கடைசி மூட்டை லாரியில் ஏறியபோது முதல் தூறல் விழுந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், நான் எழுதினதுக்கு ஒரு நகல் வேணும்" என்றார் அல்லா பிச்சை.

"உங்களுக்கு எதுக்குண்ணே அது?" என்றாள் நீலாம்பாள்.

"இல்ல தங்கச்சி... காத்தான் உயிரோட இருக்கான்னு முத்திரையோட ஆயிடுச்சு. அவன் ஓட்டு ஒண்ணு சேந்தா சமமாயிடும். சீட்டுக் குலுக்கச் சொல்லிக் கேக்கலாம்."

நீலாம்பாள் குவியலை மூடியிருந்த தார்ப்பாயை உதறி மடித்தாள்.

"அண்ணே, அவர் ராஜராஜனுக்குத்தான் போடுறதா இருந்தாரு. உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல."

அல்லா பிச்சை நகலை எட்டாக மடித்தார். தலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"அப்ப இன்னிக்கு வெள்ளிக்கிழமையாவே இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

ஆனால் அலுவலகத்தில் செவ்வாய்க்கிழமை இன்னும் ஒன்பது நாள் நடந்தது. சம்பளத் தேதி வர வேண்டுமானால் இடையில் உள்ள தேதிகளும் வந்துதான் ஆக வேண்டும் என்பதைக் கண்காணிப்பாளர் பத்தாம் நாள் கண்டுகொண்டார். தேதியைச் சரி செய்ய உத்தரவிட்டார். அதுவும் மாற்றம் ஆகையால், அதற்கு முன் செவ்வாய்க்கிழமையை முழுதாக ஒரு பேக்கப் எடுத்தார்கள். பிறகு மாற்றல் உத்தரவு உறையைப் பிரித்துப் படித்துவிட்டு நெடுஞ்செழியன் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார். அங்கும் கணினி இருக்கிறது. சமீர் அபராதம் கட்டினான். சுடர்விழிக்குத் தை மாதம் கல்யாணம்.

காத்தானைச் செத்தவராகத் திருத்தச் சொல்லி நீலாம்பாள் கொடுத்த மனு பரிசீலனையில் இருக்கிறது. அவர் உயிரோடிருப்பதற்குக் கையெழுத்திட்ட சாட்சி இருப்பதால் நாளாகும் என்கிறார்கள்.

தார்ப்பாயை அன்றைக்கே அவள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். அது காற்றில் பறக்காமல் இருக்கக் காத்தான் சுற்றி வைத்திருந்த ஏழு செங்கல் மட்டும் களத்தில் கிடக்கிறது.