வாரண்டி போன ஞாயிறு

உட்கார்ந்தது ஒரு தப்பா? ஞாயிற்றுக்கிழமை காலை, சோபாவில் நான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். 'படக்' என்று ஒரு சத்தம். என் முதுகெலும்புதான் போய்விட்டது என்று நினைத்தேன். முதுகெலும்பாக இருந்திருக்கக் கூடாதா?

சோபாவில் கிடந்த துண்டுக்கு அடியில் என் மனைவி நாச்சியம்மையின் லேப்டாப். மேல்மூடியின் மூலை பிளந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதில்தான் அவள் தினமும் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. கல்யாணமான இருபத்து மூன்று வருடத்தில் நான் உடைத்த பொருள்களைத் தேதியோடு சொல்லக்கூடியவள் அவள்.

நல்லவேளை, தைப்பிங்கில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஐந்து மணிக்குத்தான் வருவாள். அதற்குள் மூடியை மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஈப்போவின் புந்தோங் பகுதியில் கார்த்திகேசு ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வாரண்டி இருக்கா அண்ணே?"

"இன்னும் பதினாறு மாசம் இருக்கு. சும்மாவே மாத்திக் கொடுப்பாங்களா?"

"தானா கெட்டுப்போனாதான் வாரண்டிலா. உக்காந்து உடைச்சதுக்குக் கிடையாது."

"நான் உக்காந்தேன்னு யாரு சொன்னா?"

"மூடி சொல்லுது."

"சரி, நீயே மாத்திரு."

"மாத்தலாம். ஆனா நான் கழட்டினா, நாளைக்கு உள்ள எது போனாலும் கம்பெனிக்காரன் என்னைக் காட்டிக் கையை விரிச்சிருவான். அவங்ககிட்டயே கொடுங்க. காசு கேப்பாங்க, ஆனா வாரண்டி தப்பிக்கும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு வாரம்."

"என் உயிரு அஞ்சு மணி வரைக்கும்தான்டா."

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பாலிசியின் பொடி எழுத்தைப் படியுங்கள் என்று ஈப்போ முழுக்கச் சொல்லித் திரிகிறவன். அன்றைக்கு எந்த எழுத்தும் கண்ணில் படவில்லை. வாரண்டியாவது ஒன்றாவது, 'வாரேண்டி' என்று சொல்லிவிட்டுப் போன கம்பெனிக்காரன் எங்கே திரும்பி வரப்போகிறான்? என்னை நானே தேற்றிக்கொண்டு, "கழட்டு" என்றேன்.

மூன்று மணிக்குப் புது மூடி வந்துவிட்டது. அதே சாம்பல் நிறம். நாலரைக்கு லேப்டாப் அதே துண்டுக்கு அடியில். ஐந்துக்கு நாச்சியம்மை. மூடியை ஒரு தரம் தடவிப் பார்த்தாள்.

"இதுல டியூஷன் பேர் போட்ட ஸ்டிக்கர் இருந்துச்சே, எங்கங்க?"

மூடியின் கேசிங்கைப் பற்றி யோசித்தவன், மாட்டிக்கொண்டால் வரும் கேஸைப் பற்றி யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"வெளிக் கடையில கழட்டினீங்களா?"

"ஆமா."

"அப்ப வாரண்டி?"

"போச்சு."

அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பாதிப் பாடத்துல இது நின்னுட்டா பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? இதை நீங்க வச்சுக்கங்க. எனக்கு வாரண்டியோட ஒண்ணு வேணும்."

நியாயம்தானே? திங்கட்கிழமை காலையிலேயே கடைக்குக் கூட்டிப்போனேன். அவள் சுற்றிப் பார்க்கவே இல்லை. மாடல் பெயரைச் சொல்லி நேராகக் கேட்டு வாங்கினாள். பெரிய திரை.

மத்தியானம் கார்த்திகேசு போன் செய்தான்.

"அண்ணே, உங்க பழைய மூடியைத் தூக்கிப் போடப் போனேன். பிளந்த இடமெல்லாம் பசை காஞ்சு கிடக்கு. இது முன்னாடியே உடைஞ்சு ஒட்டினதுலா."

போனும் கையுமாக நாச்சியம்மை முன்னால் போய் நின்றேன்.

"நாச்சி, அது ஏற்கனவே உடைஞ்சிருந்துச்சா?"

"சனிக்கிழமை கை தவறி விழுந்திருச்சு" என்றாள், புதுத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒட்டி, காயட்டும்னு சோபாவுல வச்சேன்."

"நான் உக்கார்ற இடத்துலயா?"

"அங்கதான் காத்தாடிக் காத்து நல்லா வருது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நான் ஒட்டினது ஒட்டினபடி கெட்டியாத்தாங்க இருந்துச்சு. நீங்க உக்காந்த பிறகுதானே விட்டுச்சு?"

நின்ற இடத்திலேயே யோசித்துப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால், உடைத்தவன் நான்தான்.