கோணச் சுவரும் முதுகுக் கிளாக்கரும்

பதுளையில் எழுதப்பட்ட ஒப்பந்தங்களில் பாதி தப்பு. மீதிப் பாதி முதுகுக் கிளாக்கர் திருத்தியது. பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் வேலை பார்த்த அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்தான்.

பேசியது ஒன்று, எழுதியது ஒன்று என்று யாராவது வந்தால், இரு தரப்பையும் முதுகோடு முதுகாக உட்கார வைப்பார். போன்களைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, அதன் மேல் தானே உட்கார்ந்துகொள்வார். "என்ன பேசி முடிச்சீங்கன்னு ஆளுக்கொரு தாள்ல எழுதுங்க. மூஞ்சியப் பார்த்தா பொய் வரும்" என்பார். இரண்டு தாளும் ஒத்துப்போனால்தான் பேனாவைத் திறப்பார்.

பசறைக்காரர் ஒருவர் வேன் வாடகைக்கு எடுத்தார். பழைய மாட்டு ஒப்பந்தத்தைப் பார்த்து யாரோ டைப் அடித்ததில், வேனைத் தினமும் இருமுறை பால் கறக்க வேண்டும் என்று வந்துவிட்டது. இரு தரப்பும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். கிளாக்கர் சிரிக்கவில்லை. வெளியே போய் வேனுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்துதான் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார்.

அந்தக் கதைக்கு நான் சிரித்த சிரிப்பு என் தலையிலேயே விடிந்தது. நானும் மேசன் தாவீது அண்ணனும் ஒரே நாளில், ஒரே ஆளிடம், அடுத்தடுத்த வீடுகளை வாங்கியிருந்தோம். உறுதிப் பத்திரத்தில் வீட்டு இலக்கம் மாறி, என் வீடு அவர் பெயரிலும் அவர் வீடு என் பெயரிலும் இருந்தது. ஆறு வருஷம் யாரும் கவனிக்கவில்லை. என் சேவல் அவருடைய கீரைப் பாத்தியைக் கிளறிய அன்று உறுதிப் பத்திரத்தோடு வந்து நின்றார்.

"எழுத்துல ஒன் வீடு எனக்கு. வெளிய போ."

என் வீட்டில் ஓர் அறை கூடுதல். லீவு நாட்களில் நானே கட்டியது. அதன் சுவர் பஸ்ஸில் தூங்குகிறவனைப் போல ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆனாலும் என் வீடு. மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். நான் தாவீது அண்ணனைக் கூட்டிக்கொண்டு கிளாக்கரிடம் ஓடினேன்.

கிளாக்கர் எங்களை முதுகோடு முதுகாக உட்கார வைத்தார். நான் உள்ளதை எழுதினேன். தாவீது அண்ணன், நான் இருக்கும் வீட்டைத்தான் தான் வாங்கியதாக எழுதிக் கொடுத்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்ப திருத்த ஒண்ணுமில்லீங்க" என்றார் கிளாக்கர். "அந்தப் புது ரூம் மட்டும் உறுதியில இல்ல. அதையும் சேர்த்துருவோம்." எழுதி, சத்தமாக வாசித்தார்: "மேற்படி வீட்டிலுள்ள கோணச் சுவர், மேசன் தாவீது அவர்களால் கட்டப்பட்டது."

என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"அந்தச் சுவர நானா கட்டுனேன்?"

"ஒங்க வீடுதானுங்களே. வேற யாரு கட்டுவா? கையெழுத்தப் போடுங்க."

"மொதல்ல அந்தத் தாளக் குடுங்க. அன்னிக்குப் பேசுனது வேற" என்று வாங்கி, தாவீது அண்ணன் உள்ளதை உள்ளபடி மாற்றி எழுதினார்.

வெளியே வந்ததும் என்னை முறைத்தார். "பக்கத்து வீட்டுல ஒரு மேசன் இருக்கறப்ப நீயா சுவரு கட்டுற? என்னையக் கூப்பிட்டிருக்கலாம்ல?" சேவல் மேல் அவருக்குக் கோபமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த வாரமே சுவரை நேராக்கித் தர வந்தார். நான் விடவில்லை.

கிளாக்கர் காலமாகி இரண்டு வருஷமாகிறது. அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். சில நாள் சாயங்காலம் அந்தக் கோணச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருகிறேன். அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது.