வெள்ளத்துரையை வரிசையில் நிறுத்தினேன்

இன்று வெள்ளத்துரையை ஏசியே தீருவது என்று முடிவெடுத்தேன். எடுத்தது நான்தான். எடுக்கவைத்தது என் மனைவி சண்முகத்தாய்.

யுத்தம் வந்ததிலிருந்து தூத்துக்குடியில் சீனி என்றால் ரேஷன் கடை, ரேஷன் கடை என்றால் வரிசை, வரிசை என்றால் வெள்ளத்துரை. ஆறடி ஆள். கடைசியில் வந்து முதலில் வாங்குவார். "ஒரு நிமிசம் அண்ணாச்சி" என்பார். அதற்குள் அவர் முழங்கை என் விலாவில் இருக்கும். நானும் "போங்க, போங்க" என்று வழிவிடுவேன். அவர் பின்னால் கூட்டாளிகள் நாலு பேர் நுழைவார்கள். இந்தப் பக்கம் இடம் போதாவிட்டால் பெண்கள் வரிசையையும் இடித்துத் தள்ளுவார்கள். மூன்று வாரமாக என் முறை வரும்போது சாக்கு காலி.

"இன்னைக்கும் வெறுங்கையோட வந்தியன்னா, இனிமே இந்த வீட்டுல காப்பி கெடையாது" என்றாள் சண்முகத்தாய்.

காப்பி இல்லாவிட்டால் எனக்குத் துறைமுகம் எந்தப் பக்கம் என்றே தெரியாது. அங்கேதான் குமாஸ்தா வேலை பார்க்கிறேன்.

"என்னளா செய்யச் சொல்லுத?"

"ஏசுங்க. இப்ப நான்தான் வெள்ளத்துரை. குறுக்க வாரேன். ஏசிப் பழகுங்க."

இடுப்பில் கைவைத்து எதிரே வந்து நின்றாள். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

"அம்மா தாயே, கொஞ்சம் தள்ளி..."

"வெள்ளத்துரைய அம்மா தாயேன்னா கூப்பிடுவிய? சத்தமா!"

பதினோராவது தடவைதான் சத்தம் வந்தது. பையை என் கையில் திணித்து, "கார்டு உள்ள இருக்கு, போங்க" என்று தள்ளிவிட்டாள்.

கடையில் நின்றேன். வெள்ளத்துரை வந்தார். முழங்கை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினேன்.

"வரிசையில நில்லும்வே!"

கண்ணைத் திறந்தால் ஆளைக் காணோம். கூட்டாளிகளோடு கடைசிக்குப் போயிருந்தார்! ஏன் போனார்? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

"அப்படிப் போடுங்க அண்ணாச்சி!" என்றது கூட்டம். "விட்டா திரும்ப வருவாரு. நீங்க பக்கத்துலயே நின்னு பாத்துக்கிடுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் இடத்தை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போய்க் காவல் நின்றேன்.

"அண்ணாச்சி, வீட்டுலயும் இப்படித்தானா?" என்று வெள்ளத்துரை மெதுவாகக் கேட்டார்.

"பின்னே?" என்றேன்.

ஒரு வழியாக என் முறை வந்தது. பையைத் துழாவினேன். கார்டு இல்லை. கடைக்காரர் பிச்சையா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க வீட்டுச் சீனி அப்பமே போயாச்சே! வீட்டம்மா பொம்பளையாளுக வரிசையில மொத ஆளா வாங்கிட்டாகளே. இன்னைக்குத்தான் ஒருத்தனும் இடிக்கலன்னு சந்தோசமாப் போனாக."

வீட்டுக்கு ஓடினேன். சண்முகத்தாய் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"கார்டு உங்கிட்டயா இருந்துச்சு?"

"ஆமா."

"பின்ன என்னய எதுக்குளா அனுப்புன?"

"ஏசத்தான்."

"சீனி வாங்க?"

"அதுக்குத்தான் நான் இருக்கேன்லா!"

காப்பி இனித்தது. ஜெயித்தது நானா, அவளா? யோசித்து முடிப்பதற்குள் அடுத்த வீட்டுத் தேவகனி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"யக்கா, நாளைக்கு மண்ணெண்ணெய் வரிசை இருக்கு. அண்ணாச்சியக் கொஞ்சம் இரவல் தாரியளா?"

"எடுத்துட்டுப் போளா" என்றாள் என் மனைவி. "சாயங்காலம் மறக்காம திருப்பித் தந்துரு."