அக்கரை உத்தரவு

குமாஸ்தா தன் வாழ்நாளில் முதல் தடவையாக அரை மணி நேரம் முன்னதாக வந்து சேர்ந்திருந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எட்டு மணிப் படகு ஒன்பதரைக்கும் துறையிலேயே நின்றது. உள்ளே பன்னிரண்டு பேர், நான்கு ஆடு, ஒரு தையல் மிஷின். படகுக்காரர் கரையில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஏன்ணே இன்னும் எடுக்கல?"

"முக்கியமான ஆள் ஒருத்தர் வரணும் சார். அவர் ஏறாம எடுக்கக்கூடாதுன்னு அக்கரையிலேர்ந்து உத்தரவு."

"எப்ப வருவார்?"

"வர்றப்ப வருவார்."

குமாஸ்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்று மாலை ஐந்துக்குள் எல்லை மாவட்ட அலுவலகத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் அவருடைய மாற்றல் ரத்து. அந்த மாவட்டத்துக்குத் தண்டனையாகப் போனவர்கள் உண்டு. கேட்டு வாங்கியவர் இவர் ஒருவர்தான். காரணம், அவர் மனைவி ஆறு வருஷமாக அங்கே பள்ளிக்கூட டீச்சர். ஆறு வருஷமாகத் தானே வடித்துத் தானே தின்று மனிதர் நொந்துபோயிருந்தார். சண்டைகூட போனில்தான். அதுவும் சூடு பிடிக்கும் நேரத்தில் லைன் கட்டாகிவிடும்.

"நானும் அரசாங்க வேலையாத்தான்யா போறேன்!"

படகுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இருக்கலாம் சார். ஆனா அவரு முக்கியமான ஆளு."

மனைவிக்கு போன் போட்டார். வகுப்பில் இருந்தால் டீச்சர் எடுக்க மாட்டார், எடுக்கவில்லை. முகம் தெரியாத அந்தப் பெரிய மனுஷனை மனதுக்குள் வண்டை வண்டையாகத் திட்டிவிட்டு, குமாஸ்தா ஒரு மீனவரின் சின்னப் படகில் தாவினார்.

நடு ஆற்றில் மீனவர் துடுப்பை வைத்தார். "வலையை இழுத்துட்டுப் போயிருவோம். கொஞ்சம் கை குடுத்தீங்கன்னா சீக்கிரம் முடியும்."

குமாஸ்தா கை கொடுத்தார். அடுத்த நிமிஷம் பையோடு ஆற்றுக்குள் கிடந்தார். மீனவர் முதலில் வலையைத்தான் இழுத்தார்.

"என்னை இழுய்யா!"

"வலை அறுந்துரும் சார். நீங்க அறுந்துர மாட்டீங்க."

செருப்பையும் போனையும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு, பகல் பன்னிரண்டுக்கு அவர் அக்கரையில் ஏறினார். பஸ் நின்றது. டிரைவர் பின் சீட்டில் படுத்திருந்தார்.

"பஸ் எப்ப கிளம்பும்?"

"படகு வந்ததும்."

"நான்தான் வந்துட்டேனே!"

"நீங்க வந்தீங்க. படகு வரலையே."

அந்த வழியாக வந்த செங்கல் டிராக்டரை மறித்து ஏறினார். அதுவும் நேராகப் போகவில்லை. வழியில் மூன்று வீடுகளில் செங்கல் இறக்க வேண்டியிருந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று குமாஸ்தாவும் இறங்கி இறக்கினார். மூன்றாவது வீட்டு அம்மாவுக்கு அவர் வேலை ரொம்பப் பிடித்துவிட்டது.

"நாளைக்கும் நீயே வந்துருப்பா" என்றார்.

எல்லைக்குப் பக்கத்துச் சோதனைச் சாவடியில், காலில் செருப்பில்லாமல், தலை முழுக்கச் செங்கல் தூளோடு, தன்னை அரசாங்க ஊழியர் என்று சொல்லிக்கொண்ட மனிதரைக் காவலர் கீழே இறக்கினார்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற?"

"இந்தப் பக்கம்தாங்க!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

மாற்றல் உத்தரவு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. காவலர் அதைப் பக்குவமாகப் பிரித்து, ஸ்டூலில் காயப்போட்டு, எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கையில் மணி நாலேகால். டிராக்டர் போய்விட்டிருந்தது.

மிச்சமிருந்த மூன்று கிலோமீட்டரையும் குமாஸ்தா ஓடினார். கண்ணில் நீர் முட்டியது. இதையும் கோட்டைவிட்டால் அவளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? 'எனக்குத் தெரியும்' என்று அவள் சொல்லமாட்டாள். சும்மா இருப்பாள். அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

நாலு ஐம்பதுக்கு அலுவலகத்துக்குள் விழாத குறையாக நுழைந்தார். பியூன் மட்டும் இருந்தார்.

"டூட்டியில... சேரணும்... ரிஜிஸ்டர்!"

பியூன் ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினார். "முதல்ல குடிங்க சார். ரிஜிஸ்டர் எங்கயும் ஓடிப்போகாது. ஆனா ஆபீசர் முன்னாடிதான் கையெழுத்துப் போடணும்."

"அவர் எங்கய்யா?"

"மீட்டிங் போயிருந்தவரு, காலையில எட்டு மணிப் படகுல வந்திருக்கணும். இப்பத்தான் போன் பண்ணாரு, இன்னும் அந்தக் கரையிலயே படகுக்குள்ள உக்காந்திருக்காராம். என்ன சார் பண்றது? நம்ம டீச்சரோட வீட்டுக்காரர் இன்னிக்கு வர்றாராம். பொறந்ததுலேர்ந்து எதுக்குமே நேரத்துக்கு வராத மனுஷனாம். எவ்வளவு லேட்டானாலும், அவர் மூச்சிரைக்க ஓடி வந்து ஏறுற வரைக்கும் படகை எடுக்கக்கூடாதுன்னு டீச்சர் உத்தரவு!"